கேள்வி-பதில்: அத்திப் பூவைப் பார்த்திருக்கிறீர்களா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செடி, கொடி, மரம் பற்றியவை. நாலு மழை பெய்து மாடியும் முற்றமும் பச்சையானதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சந்தேகம் வந்துவிடுகிறது போலிருக்கிறது. அரசியல், சினிமா கேள்விக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

3 வருஷமாக ஒரே தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கிறேன். ஒடிக்க ஒடிக்கத் தழைக்கிறது, ஆனால் தொட்டி மண் பெரிதாகக் குறையவில்லை. செடி மண்ணைத்தானே சாப்பிடுகிறது?
*மாடித் தோட்டக்காரர், மேடவாக்கம்*

உங்கள் சந்தேகம் ஏறக்குறைய 400 வருஷத்துக்கு முன்பே ஒருவருக்கு வந்தது. இன்றைய பெல்ஜியம் பகுதியில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர், 200 பவுண்டு மண்ணை நன்றாகக் காயவைத்து, எடை போட்டு, ஒரு தொட்டியில் கொட்டி, அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று ஒன்றை நட்டார். 5 வருஷம் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் ஊற்றவில்லை. கடைசியில் மரத்தைப் பிடுங்கி எடை போட்டால் 169 பவுண்டுக்கும் கொஞ்சம் மேல். மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தால் குறைந்தது வெறும் 2 அவுன்ஸ், அதாவது 60 கிராம்கூட இல்லை. அப்படியானால் மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டிவிட்டார் மனிதர். அவர் இறந்தபின் 1648-ல்தான் இது அச்சில் வந்தது.

பாதி சரி, பாதி தவறு. அவர் கணக்கில் விட்டது காற்றை. காற்றில் கரியமில வாயு 10,000 பங்குக்கு 4 பங்குதான் இருக்கிறது. அந்தத் துளியூண்டை இலைத்துளைகள் வழியே இழுத்து, வேர் அனுப்பும் தண்ணீரையும் சேர்த்து, வெயிலின் சக்தியால் இலை சர்க்கரை செய்கிறது. அந்தச் சர்க்கரையைக் கோத்தால் மாவு, இன்னொரு விதமாகக் கோத்தால் நார், மரக்கட்டை. உங்கள் கறிவேப்பிலையின் காய்ந்த எடையில் பெரும்பங்கு காற்றாக இருந்ததுதான். விறகு எரிந்தபின் அடுப்பில் ஒரு பிடி சாம்பல் மிஞ்சுகிறதே, ஏறக்குறைய அவ்வளவுதான் மண் கொடுத்தது. மற்றதெல்லாம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே புகையாகப் போய்விடுகிறது.

அப்படியானால் உரம் எதற்கு என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். குழம்புக்கு உப்பு மாதிரி. உப்பில்லாமல் குழம்பு இல்லை, அதற்காக உப்பையே தின்று வயிறு நிரப்ப முடியாது. கொஞ்சம் தழைச்சத்தும் இரும்பும் மக்னீசியமும் இல்லாவிட்டால் பச்சையத்தையே செய்ய முடியாது, இலை வெளுத்துவிடும். (தென்னை நார்த்தூள் கலந்த தொட்டியில் மட்டம் கீழே இறங்கினால் அது செடி தின்றதல்ல, நார் மட்கியது.)

எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவோம். இருட்டறையில் வைத்தால் கிடுகிடுவென வளர்கிறது, வெளிறின மஞ்சளாகவும் இருக்கிறது. வெயில்தான் சாப்பாடு என்றால் இருட்டில் எப்படி இவ்வளவு உயரம்?
*வாசகி, பரமக்குடி*

அது வளர்ச்சி என்பதைவிட ஓட்டம் என்பதுதான் சரி. விதை தன்னை மண்ணுக்குள் புதைந்து கிடப்பதாகவே நினைத்துக்கொள்கிறது. எப்படியாவது வெளிச்சத்துக்கு வந்துவிட வேண்டும், அதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடக் கூடாது. அதனால் இலையை விரிக்காமல், தண்டைத் தடிக்கவிடாமல், எல்லாச் செலவையும் உயரத்திலேயே போடுகிறது. பச்சையத்தைச் செய்துமுடிக்கும் கடைசி வேலைக்கே வெளிச்சம் வேண்டும் என்பதால் பச்சையும் இல்லை, அந்த வெளிறின மஞ்சள்தான்.

ஒரு வேடிக்கை. அந்த நெடுநெடு நாற்றுகளைக் காயவைத்து எடை போட்டால், நீங்கள் ஊன்றிய விதைகளைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பெரிதாகத் தெரிகிறதே தவிர, அது சேமிப்பைக் கரைத்துக்கொண்டிருக்கும் குடும்பம். முளைப்பாரி நன்றாக வந்தால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வதில் எனக்குத் தோன்றுவது, அது ஒரு விதைச் சோதனை. வீட்டு வீட்டுக்கு எந்த விதை முளைக்கும், எது சொத்தை என்று ஊருக்கே தெரிந்துவிடும் அல்லவா.

அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் விடுகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. புளியமரத்தடியில் இரவில் படுத்தால் மூச்சு முட்டும் என்கிறார்கள். எது உண்மை?
*ஓய்வுபெற்ற ஊழியர், அறந்தாங்கி*

இரண்டுமே இல்லை. இலை வெளியே விடும் ஆக்சிஜன், தண்ணீரைப் பிளப்பதால் வருவது. பிளக்க வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இல்லாவிட்டால் அரசுக்கும் இல்லை, வேம்புக்கும் இல்லை, எந்தச் சட்டிச் செடிக்கும் இல்லை. இரவில் எல்லா மரங்களும் நம்மைப்போல மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றுகின்றன (பகலிலும்தான், பகலில் உள்ளே இழுப்பது அதைவிட அதிகம் என்பதால் நம் கணக்கில் படுவதில்லை). ஆனால் அது திறந்த வெளியில் காற்றோடு கலந்து போய்விடும் சின்ன அளவு. ஒரு மனிதர் நாள் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ கரியமில வாயு விடுகிறார், பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்குகிற மனிதருக்குப் பயப்படாதவர் புளியமரத்துக்கு மட்டும் ஏன் பயப்பட வேண்டும்? பேய் விஷயம் என் பிரிவில் வராது.

அந்த வாட்ஸ்அப் கதைக்கு ஒரு வேர் இருக்கலாம். கற்றாழை, அன்னாசி, சப்பாத்திக்கள்ளி மாதிரி சில செடிகள் இலைத்துளைகளை இரவில்தான் அதிகம் திறக்கும், கரியமில வாயுவை இரவிலேயே இழுத்துவைத்துக்கொள்ளும். இழுப்பதுதான் இரவில், ஆக்சிஜன் வெளியே வருவது பகலில்தான். இதைப் பாதி மட்டும் படித்த யாரோ ஒருவர் மீதியைத் தானே எழுதிவிட்டார்.

ரணகள்ளி இலையைப் புத்தகத்துக்குள் வைத்தேன். தண்ணீர், மண் எதுவும் இல்லாமல் ஓரத்தில் குட்டிச் செடிகள் வந்திருக்கின்றன. எப்படி?
*எட்டாம் வகுப்பு மாணவி, திருத்துறைப்பூண்டி*

நானும் உன் வயசில் வைத்தேன் அம்மா, வரலாற்றுப் புத்தகத்தில். பக்கமெல்லாம் ஈரக் கறை ஆகி வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால்தான் அந்தச் செடிக்கு இன்னொரு பெயரே 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்'. நூலில் கட்டித் தொங்கவிட்டாலும் போடும்.

இலையின் ஓரத்தில் பற்கள் மாதிரி வெட்டுகள் இருக்கிறதே, அந்த ஒவ்வொரு வெட்டிலும் வளரக் காத்திருக்கும் மொட்டு ஒன்று தூங்குகிறது. இலை தாய்ச்செடியில் இருக்கும்வரை தாயிடமிருந்து வரும் வளர்ச்சிப் பொருள்களின் கட்டுப்பாடு அதை எழவிடுவதில்லை. ஒடித்ததும் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது, மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. தண்ணீர் எங்கிருந்து? அந்தத் தடித்த இலைதான் தண்ணீர்த் தொட்டி, சாப்பாட்டு மூட்டை, எல்லாம். குட்டிகள் அதை உறிஞ்சி உறிஞ்சி இலையைக் காகிதமாக்கிவிடும். அதற்குமுன் எடுத்து மண்ணில் வைத்துவிடு.

இந்தச் செடியைப் பற்றி நம்மூர்க் கதை ஒன்று. இதுவும் முந்தின பதிலில் சொன்ன இரவுக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். கம்பெனி ஆட்சிக் காலத்தில் சென்னை மாகாணத்தில் தாவர ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் இந்த இலையைக் காலையில் மென்றார், நல்ல புளிப்பு. நண்பகலில் மென்றார், ஒரு சுவையும் இல்லை. இதை லண்டனுக்குக் கடிதமாக எழுத, 1815-ல் அது அச்சாயிற்று. இரவில் இழுத்த கரியமில வாயுவை இலை ஒருவகை அமிலமாக மாற்றிச் சேர்த்துவைக்கிறது, அதுதான் காலைப் புளிப்பு. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்தெடுத்துச் சர்க்கரையாக்குகிறது, புளிப்பு போய்விடுகிறது. கொதிக்கிற வெயிலில் கதவைத் திறந்து தண்ணீரை ஆவியாக விட வேண்டியதில்லை பார். பின்னாளில் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் துருவிய விஷயத்தை அந்த மனிதர் நாக்கை வைத்தே பிடித்திருக்கிறார். நீ மென்று பார்க்காதே. இதயத்தைப் பாதிக்கும் பொருள்கள் இந்தச் செடியில் உண்டு, மாடு ஆடுகளுக்கே ஆகாது.

தொட்டாற்சிணுங்கிக்குத் தொட்டால் தெரிகிறது என்றால், வெட்டினால் வலிக்கும்தானே? சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன சொல்வார்கள்?
*வாசகர், ஈரோடு*

சண்டை மூட்டும் நோக்கம் தெரிகிறது. இருந்தாலும் சொல்கிறேன். காம்பின் அடியில் ஒரு சின்ன வீக்கம் இருக்கும், உற்றுப் பாருங்கள். அதிலுள்ள உயிரணுக்கள் தண்ணீரால் விம்மி நிற்பதால்தான் இலை நிமிர்ந்து நிற்கிறது. தொட்டதும் ஒரு மின் அதிர்வு ஓடுகிறது, ஒரு பக்கத்து அணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, பின்னாலேயே தண்ணீரும் வெளியேறுகிறது, காற்றுப்போன டியூப் மாதிரி அந்தப் பக்கம் தொய்ந்து இலை விழுகிறது. தண்ணீர் திரும்ப ஏறி இலை நிமிரச் சில நிமிஷங்கள் ஆகும். செடிக்குள் மின் சைகை ஓடுவதைத் தானே செய்த நுட்பமான கருவிகளால் வரைந்து காட்டியவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ். ஆனால் சைகை வேறு, வலி வேறு. வலியை உணர ஒரு மூளையோ நரம்பு மண்டலமோ செடியில் இல்லை. உங்கள் வீட்டுக் காலிங் பெல்லிலும்தான் மின்சாரம் ஓடுகிறது, அழுத்தினால் அதற்கு வலிக்கிறதா?

தொடாவிட்டாலும் இந்த இலை சாயங்காலம் மூடிக்கொள்ளும், தூங்குமூஞ்சி மரம் மாதிரி. இருட்டியதால் மூடுகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1729-ல் டி மேரான் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கொண்டுபோய் இருட்டிலேயே வைத்துப் பார்த்தார். வெயிலையே பார்க்காமல் காலையில் விரிந்து மாலையில் மூடியது. உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது என்பதற்கு முதல் தடயம் அது. செடிக்கு வலிக்கிறதா என்ற கேள்வியைவிட எனக்கு இதுதான் ஆச்சரியம்.

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்திகளோடு மாலையில் படம் எடுக்கப் போனோம். சூரியன் மேற்கே, பூவெல்லாம் கிழக்கே பார்த்து நிற்கிறது. சூரியகாந்தி சூரியனைப் பார்க்காதா?
*புதுமணத் தம்பதி, திருநெல்வேலி*

காலையில் போயிருக்க வேண்டும். மொட்டுப் பருவத்தில்தான் அது சூரியனோடு திரும்பும். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக நீளும், தலை மேற்கே சாயும், இரவில் மேற்குப் பக்கம் நீளும், விடிவதற்குள் தலை கிழக்கே வந்துவிடும். பூ முழுதாக விரிந்து தண்டு வளர்வது நின்றதும் அந்த ஆட்டமும் நின்றுவிடும், கிழக்கைப் பார்த்தபடியே. லாபம் இருக்கிறது: காலை வெயில் நேரே விழுவதால் பூ சீக்கிரம் சூடேறும், சூடான பூவுக்குத் தேனீ அதிகம் வரும். தொட்டிகளை மேற்கே திருப்பிவைத்துத் தேனீக்களை எண்ணி 2016-ல் இதை நிரூபித்தார்கள்.

செடிக்கு இசை கேட்குமா?
*இசை ஆசிரியை, கும்பகோணம்*

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் டி.சி. சிங் என்ற பேராசிரியர் செடிகளுக்குக் கர்நாடக இசை கேட்கவைத்துச் சோதனைகள் செய்து நன்றாக வளர்ந்தன என்று எழுதினார், உலகமெல்லாம் பேசினார்கள். ராகம் தெரியும் என்பதை நான் நம்பவில்லை. அதிர்வு தெரியும் என்பதை நம்புகிறேன். கம்பளிப்புழு இலையைக் கடிக்கும் அதிர்வைப் பதிவு செய்து, புழுவே இல்லாமல் அதை மட்டும் ஓட்டிய செடிகள், அப்புறம் நிஜப் புழு வந்தபோது எதிர்ப்புப் பொருளைக் கூடுதலாகச் சுரந்தன, இது 2014-ல் அமெரிக்காவில் பார்த்தது. நீங்கள் தொடர்ந்து பாடுங்கள், கெடுதல் இல்லை.

தார் வெட்டியதும் வாழையை ஏன் சாய்த்துவிடுகிறார்கள்? விட்டுவைத்தால் மறுபடி காய்க்காதா?
*வாசகி, பெங்களூரு*

காய்க்காது. நாம் மரம் என்று கட்டிப்பிடிப்பது மரமே இல்லை, ஒன்றுக்குள் ஒன்று சுருட்டிய இலை மட்டைகள். நிஜத் தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. அதன் நுனி இலை இலையாக விட்டுக்கொண்டே வந்து, ஒருநாள் இலையை நிறுத்திப் பூவாக மாறி, மட்டைகளின் நடுவே மேலேறி வெளியே வருகிறது. நீங்கள் நார் எடுத்துப் பொரியல் செய்யும் வாழைத்தண்டு அந்தப் பூவின் காம்புதான். நுனியே பூவாகிவிட்டபின் வளர வேறு நுனி ஏது? பக்கக் கன்று ஒன்றை விட்டுவிட்டுத் தாயைச் சாய்ப்பதுதான் கணக்கு.

ரஸ்தாளி, பூவன், நேந்திரன் எல்லாம் மகரந்தமே வேண்டாமல் காய்ப்பவை, பழத்துக்குள் தெரியும் கறுப்புப் புள்ளிகள் விதையாகாமல் போனவை. ஒவ்வொரு ரகத்திலும் எல்லா வாழையும் கன்று வழி வந்த ஒரே செடியின் நகல்கள். 'வாழையடி வாழையாக' என்று வாழ்த்தும்போது இது நினைவுக்கு வந்து எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருக்கும், ஏனென்றால் ஒன்றுக்கு வரும் நோய் எல்லாவற்றுக்கும் வரும். ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்ட கிராஸ் மிஷேல் ரகம் பனாமா வாடல் நோயில் 1960 வாக்கில் சந்தையிலிருந்தே ஒழிந்தது. நம் ரஸ்தாளியைப் பிடித்து ஆட்டுவதும் அதே வாடல்தான்.

'அத்தி பூத்தாற்போல' என்கிறோமே, அத்திப் பூவைப் பார்த்தவர் யாராவது உண்டா?
*தமிழாசிரியர், விருத்தாசலம்*

அத்திப் பழத்தைப் பிட்டுத் தின்ற எல்லோரும் பார்த்திருக்கிறார்கள் ஐயா. நாம் பழம் என்பது உள்பக்கமாக மடிந்த ஒரு பூங்கொத்துப் பை. உள்சுவர் முழுக்க நூற்றுக்கணக்கான பூக்கள். வெளியே தெரிவதில்லை என்பதால் அபூர்வம் என்று நினைத்துவிட்டோம், அது பாட்டுக்கு வருஷம் முழுக்கப் பூத்துக்கொண்டிருக்கிறது. ஆல், அரசு எல்லாம் இதே குடும்பம், இதே ஏற்பாடு.

மூடின பைக்குள் மகரந்தம் எப்படிப் போகும்? அதற்கென்றே கடுகைவிடச் சின்னதாக ஒரு குளவி. பழத்தின் நுனியில் செதில்களால் அடைத்த துளை ஒன்று இருக்கிறது, அதன் வழியே பெண் குளவி நெரித்துக்கொண்டு நுழையும்போது இறக்கைகள் பெரும்பாலும் பிய்ந்துபோகும், திரும்பி வரும் எண்ணத்தோடு நுழைவதில்லை. வேறு அத்தியிலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, உள்ளேயே செத்துவிடும். குஞ்சுகளில் ஆண்கள் முதலில் வரும், இறக்கையே கிடையாது. பெண்களோடு கூடி, அவை வெளியேற வழி குடைந்து கொடுத்துவிட்டு, ஆண்களும் அங்கேயே சாகும். பெண்கள் மகரந்தத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பூங்கொத்துப் பையைத் தேடிப் பறக்கும். முட்டை விழாத பூக்கள் விதையாகும், விதையைக் காக்கையும் மைனாவும் கொண்டுபோய்க் கோபுரத்து இடுக்கில் போடும்.

'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்று பழித்தவர்கள், அந்தப் புழு இல்லாவிட்டால் நாட்டு அத்தி மரமே இல்லை என்பதை அறியாமல் சொல்லிவிட்டார்கள். கலிபோர்னியாக்காரர்கள் இதைப் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். துருக்கியிலிருந்து ஸ்மிர்னா அத்தியைக் கொண்டுபோய் நட்டால் காயெல்லாம் பிஞ்சிலேயே உதிர்ந்தது. 1899-ல் குளவியையும் கொண்டுவந்து விட்டபிறகுதான் பழுத்தது. குளவி தேவைப்படாத சீமை அத்தி ரகங்களும் உண்டு, அதனால் கடையில் உலர்பழம் வாங்கும்போது ரொம்ப யோசிக்க வேண்டாம்.

வீட்டுக் கொல்லையில் பப்பாளி 2 வருஷமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, ஒரு காய்கூட இல்லை. ஆணி அடித்தால் காய்க்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அடிக்கலாமா?
*வாசகி, தாராபுரம்*

பூ எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே. நீளமான காம்பில் சரம் சரமாகத் தொங்கும் சின்னப் பூக்கள் என்றால் அது ஆண் மரம், காய்க்க அதனிடம் எதிர்பார்ப்பதே நியாயமில்லை. பெண் பூ தண்டை ஒட்டி, தனியாகவோ இரண்டு மூன்றாகவோ, அடியில் பிஞ்சு போன்ற உருண்டையோடு பெரிதாக இருக்கும். சில மரங்களில் இரண்டும் சேர்ந்த இருபால் பூ வரும், அதில் பழம் நீளவாக்காகவும் பெண் மரத்தில் உருண்டையாகவும் இருக்கும்.

ஆணிக் கதை எப்படி வந்தது என்றால், வெப்பநிலை மாறும்போது ஆண் பப்பாளி சில சமயம் தன்போக்கில் பால் மாறி நாலு காய் காய்க்கும். அதற்கு முந்தின வாரம் யாராவது ஆணி அடித்திருந்தால் பெயர் ஆணிக்குப் போய்விடும். அடித்தால் காயத்தின் வழியே அழுகல் இறங்கும், அவ்வளவுதான் பலன்.

விதையையோ நாற்றையோ பார்த்து ஆணா பெண்ணா என்று கண்ணால் சொல்ல முடியாது. கோ 2 மாதிரி ஆண், பெண் தனித்தனியாக வரும் ரகம் என்றால் ஒரு குழியில் 3 கன்று வையுங்கள், பூத்ததும் பெண்ணை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிடலாம், 20 பெண் மரத்துக்கு 1 ஆண் போதும். இடம் இல்லை, ஒரே மரம்தான் என்றால் கோ 7 அல்லது ரெட் லேடி வாங்குங்கள், அவற்றில் பெண்ணும் இருபாலும்தான் வரும், ஆண் தொல்லை கிடையாது. இப்போதிருக்கும் மரத்தை உடனே வெட்டிவிடாதீர்கள், அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலாவது பெண் பப்பாளி இருந்தால் அது காய்ப்பதே உங்கள் மரத்தின் புண்ணியத்தில்தானோ என்னவோ. ஆணி யோசனை சொன்னவர் கொல்லையை முதலில் எட்டிப் பாருங்கள்.